எல்லைக் கல்லடிக் குழாய்

1. மேட்டுத் தெருவுக்கு ஒரு பொதுக் குழாய் போடுவதென்று எங்கள் பட்டின சபை ஏகமனதாகத் தீர்மானித்தது.
2. அதை எந்த இடத்தில் போடுவதென்பதில் சபை இரண்டாகப் பிரிந்தது.
3. இரு தரப்பாருக்கும் பொதுவான ஓர் இடம் கண்டுபிடிக்கப்பட்டது.
4. அந்த இடம் தண்ணீர்த் தாங்கியைவிட உயரத்தில் இருக்கிறது என்று நான் அறிக்கை கொடுத்தேன்.
5. சபை என் அறிக்கையைத் திருத்தி நிறைவேற்றியது.
6. குழாய் பூட்டப்பட்டது. கல் நாட்டப்பட்டது. திறப்பு விழா நடந்தது. தண்ணீர் வரவில்லை.
7. குழாய் பழுது பார்க்கப்பட்டது.

வரிசைப்படுத்தினால் இவ்வளவுதான். எதையும் இலக்கமிட்டு எழுதினால்தான் எனக்குத் தெளிவாகும். ஆனால் இந்த ஏழையும் வாசித்த என் தங்கை, "ஐஞ்சாவது எனக்கு விளங்கேல்லை அக்கா. உயரத்தை எப்பிடித் திருத்திறது?" என்று கேட்டாள். அது ஒரு பட்டின சபைக் கூட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு மட்டும் விளங்கக்கூடிய விஷயம். ஆகவே ஆறுதலாகவே சொல்கிறேன்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பெரிய தெருவில், நகரம் முடிந்தும் முடியாமலும் இருக்கிற இடத்தில் எங்கள் சபைக் கட்டடம் இருந்தது. ஒரு கூட்ட மண்டபம், ஓர் அலுவலக அறை, பின்னால் தெரு உருளை நிற்பதற்கு ஒரு தகரக் கொட்டில். அப்பாவுக்கு மாத்தளையில் அரசாங்க உத்தியோகம் என்பதால், யாழ்ப்பாணத்துக் குடும்பமான நாங்கள் அங்கேயே குடியிருந்தோம். கொழும்பில் படம் வரைதலும் நில அளவையும் பயின்றுவிட்டு நான் தொழில்நுட்ப உதவியாளராகச் சபையில் சேர்ந்தபோது, அந்த வேலைக்கு ஒரு பெண் வருவாள் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. எனக்கென்று ஒரு மேசையும், ஒரு கால் குட்டையான கதிரையும் தந்தார்கள். கதிரைக் காலுக்குக் கீழே நான் முதல் நாளே ஒரு மரத்துண்டை வைத்தேன். "வந்த உடனேயே மட்டம் பார்த்துட்டாங்க" என்று ஓவசியர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். தெருவேலைகளை மேற்பார்க்கும் அவர் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவர் வாயில் எல்லாமே ஒரு செய்தியாகிவிடும்.

சபையின் அன்றாட அலுவல்கள் பெரியவை அல்ல. கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைப்பது, நாய்களுக்கு லைசன்ஸ் கொடுப்பது, சந்தைக் கொட்டில்களின் ஓட்டைத் தகரங்களை மாற்றுவது, விளக்கு எரியாத மூலைகளைப் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்பது. சந்தைத் திடலில் சபைக்குச் சொந்தமான வானொலி ஒன்று, கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி வழியாக மாலை நேரங்களில் பாடும். அது சிங்களத்தில் பாட வேண்டுமா தமிழில் பாட வேண்டுமா என்ற விவாதம் நான் வருவதற்கு முன்பே தொடங்கியது. நான் வந்த பிறகும் மாதா மாதம் அது தொடர்ந்தது. வானொலி மட்டும் தன்பாட்டில் இரண்டிலும் பாடிக்கொண்டிருந்தது.

கூட்டம் மாதத்தில் ஒரு நாள் பிற்பகலில் கூடும். அங்கே எழுதப்படாத விதி ஒன்று உண்டு: சிக்கலான விஷயங்களைத் தேநீருக்குப் பிறகே எடுப்பது. தேநீர் என்பது பெயருக்குத்தான். பஸ் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு பெரிய தட்டு நிறைய இடியப்பமும், சிவக்கச் சிவக்க இடித்த தேங்காய்ச் சம்பலும், ஒரு வாளி சொதியும் வரும். வெறும் வயிற்றோடு எதிர்க்கிறவர்கள் வயிறு நிறைந்ததும் வழிமொழிவார்கள். எங்கள் தலைவர் ஊரிலே வயலும் தோப்பும் உள்ள சிங்களவர், சண்டையென்றால் தலைவலி வந்துவிடும் ஆள். நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்கும்போது எது இடியப்பத்துக்கு முன், எது இடியப்பத்துக்குப் பின் என்றுதான் அவர் முதலில் யோசிப்பார்.

அந்த இடியப்பத்தை அவித்துக் கடைக்குக் கொடுத்தவர் மேட்டுத் தெரு வளைவில் இருந்த ஒரு முஸ்லிம் பெண். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அக்காவை அங்கே ராத்தா என்பார்கள். ஊர் முழுவதுக்கும் அவர் ராத்தாதான். குழாய்ப் பேச்சு அடிபடத் தொடங்கிய நாட்களில் ஒருநாள் காலை அவர் சபைக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"மேப்பு கீறுற புள்ள நீங்கதானா?"

"ஓம் ராத்தா. இருங்கோ."

"இருந்தா எழும்ப ஏலாது. தண்ணி சொமந்து சொமந்து இடுப்பு போயிட்டு." நின்றபடியே மேசையில் விரித்திருந்த படத்தைப் பார்த்தார். "இதுல எண்ட ஊடு எங்க?"

வளைவைக் காட்டினேன். அவர் தன் விரலை அதன்மேல் வைத்து எடுக்கவில்லை. "அப்ப பைப்ப இந்த எடத்துல கீறிப்போடுங்களேன்."

"நான் கீறினா வராது ராத்தா. சபை தீர்மானிக்க வேணும்."

"அவங்க தீர்மானிக்கிறது தெரியாதா? எண்ட இடியப்பத்தத் தின்னுட்டுத்தானே தீர்மானிக்கிறாங்க."

பிறகுதான் காரியத்தைச் சொன்னார். மழையில்லாத மாதங்களில் அவர் வீட்டுக் கிணறு வற்றிவிடும். தெரு அடிவாரத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஏறித்தான் மாக் குழைக்க வேண்டும், அவிக்க வேண்டும், தட்டுகளைக் கழுவ வேண்டும். போன வரட்சியில் பல நாள் முதல் பஸ் போன பிறகே இடியப்பம் கடைக்குப் போயிருக்கிறது. இந்த வரட்சியிலும் அப்படியானால், சொந்தக் குழாய் உள்ள வேறொரு வீட்டுக்கு ஓடரைக் கொடுத்துவிடுவதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்த ஒரு கடை ஓடரில்தான் அவர்கள் மூவரும் சாப்பிட்டார்கள்.

இனி இரண்டாவது இலக்கம். மேட்டுத் தெரு பெரிய தெருவிலிருந்து கிளம்பி, ராத்தா வீட்டு வளைவைக் கடந்து, ஓர் உச்சிக்கு ஏறி, மறுபக்கம் இறங்குகிறது. உச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு வட்டாரம். அதன் உறுப்பினர், அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஐயா, எங்களைப்போல் யாழ்ப்பாணத்துக்காரர். அந்தப் பக்கம் வேறு வட்டாரம். அதன் உறுப்பினர் இரும்புக்கடை முதலாளி, தலைமுறைகளாக அங்கே வேர்விட்ட முஸ்லிம் குடும்பத்தவர். இருவரும் தினமும் ஒரே பத்திரிகையை மாற்றி மாற்றி வாசிப்பவர்கள். கூட்டத்தில் மட்டும் எதிர் எதிர்.

"எங்கட பக்கத்துலதான் சனம் கூட" என்றார் முதலாளி.

"எங்கடை பக்கத்திலைதான் வருத்தக்காரர் கூட" என்றார் அப்போதிக்கரி ஐயா.

"உங்கட மருந்தக் குடிச்சா கூடும்தானே."

"உம்மடை கடைப் பைப்பிலை வாற தண்ணியைக் குடிச்சாலும் கூடும்."

தலைவர் நெற்றியைத் தடவிக்கொண்டு தேநீருக்கு மணியடித்தார். இடியப்பம் வந்தது. சாப்பிட்டு முடிந்ததும், சம்பல் காரத்தில் மூக்கைத் துடைத்தபடி தலைவர் ஒரு யோசனை சொன்னார். உச்சியில் இரண்டு வட்டாரங்களையும் பிரிக்கும் எல்லைக் கல் ஒன்று இருக்கிறது. குழாயை அதன் அடியில் போட்டால் யாருடைய வட்டாரத்திலும் போட்டதாகாது. யாருக்கும் கிடைக்கவில்லை என்பதால் யாருக்கும் குறையில்லை. சபை மேசையைத் தட்டி ஏற்றுக்கொண்டது. இப்படி ஒரு நியாயத்தை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அடுத்த நாளே மட்டக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓவசியரோடு போனேன். எங்கள் தாங்கி எதிர்ச் சரிவில் இருந்தது. மலை ஊற்றிலிருந்து அதற்கு நீர் இறங்கி வரும். அதிலிருந்து ஊருக்கு இறங்கிப் போகும். இறங்குவதுதான் அதன் ஒரே வழி. ஓவசியர் அளவுக் கோலைப் பிடிக்க, பின்னால் ஓர் ஆடும் ஒரு கூட்டம் பிள்ளைகளும் வர, நான் தாங்கியிலிருந்து உச்சிவரை மட்டம் எடுத்து, சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் எடுத்தேன். எல்லைக் கல் தாங்கியின் நீர் மட்டத்தைவிட ஓர் ஆள் உயரம் கூடியிருந்தது. ராத்தாவின் வளைவு நன்றாகத் தாழ்ந்திருந்தது.

"தண்ணி ஏறாதுங்க மிஸ்" என்றார் ஓவசியர், கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு. "ஆனா தீர்மானம் ஏறிருச்சே."

இறங்கி வரும்போது ராத்தா வாசலில் நின்றார். ஒளிக்காமல் சொன்னேன். உச்சியில் தண்ணீர் வராது. அப்படியே அறிக்கை எழுதப் போகிறேன் என்றேன்.

"எழுதினா என்ன நடக்கும்?"

"திரும்ப யோசிப்பினம்."

"திரும்ப யோசிச்சா திரும்பச் சண்டை. பைப்பே வராது." சற்று நேரம் தெருவைப் பார்த்தார். "புள்ள, பைப்பு எண்ட வாசலாலதானே மேல போகும்?"

"ஓம்."

"அப்ப பைப்பு வரட்டும். பைப்பு வந்தா, தண்ணி பொறவு வரும்."

அவர் சொன்னது நீரியலுக்குப் பொருந்தவில்லை. நான் அளந்ததை அளந்தபடியே எழுதிக் கொடுத்தேன்.

இப்போது என் தங்கைக்கு விளங்காத ஐந்தாவது இலக்கம். என் அறிக்கை வாசிக்கப்பட்டது. பழைய சண்டை திரும்பி வரப்போகிறதே என்று தலைவர் வாசலைப் பார்த்தார். முதலாளி எழுந்தார்.

"மிஸ் ஓர் ஆள் உயரம் எண்டு சொல்றாங்க. எந்த ஆள்? நம்ம பியோனா, நானா?"

எங்கள் பியோன் கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிற ஆள். முதலாளி உட்கார்ந்தாலும் நின்றாலும் அதிக வித்தியாசம் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். நான் அடிக்கணக்கைச் சொன்னேன். அது சிரிப்பில் போய்விட்டது.

"வேண்டாத்த கதை என்னத்துக்கு? அறிக்கையில 'உயரம் கூடியது' எண்டு இரிக்கிறத 'ஏறக்குறைய சமம்' எண்டு திருத்தச் சொல்லி நான் பிரேரிக்கிறேன்."

"நான் வழிமொழியிறன்" என்றார் அப்போதிக்கரி ஐயா.

அந்தச் சபையின் வரலாற்றில் அந்த இருவரும் ஒரே விஷயத்துக்குக் கை உயர்த்தியது அதுதான் முதல் தடவை என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்படிப்பட்ட ஒற்றுமையைக் குலைக்க யாருக்கும் மனம் வரவில்லை. தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. எதிர்ப்பில்லாமல் திருத்தம் நிறைவேறியது. மலை அன்று மாலை நாலரை மணியளவில், சபையின் ஏகோபித்த விருப்பப்படி, ஓர் ஆள் உயரம் இறங்கிக் கொடுத்தது.

திறப்பு விழாவைக் குறை சொல்ல முடியாது. எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் சீமெந்துத் திட்டு ஒன்று எழும்பியது. மூன்று மொழிகளிலும் எல்லா உறுப்பினர்களின் பெயர்களும் வெட்டிய பளிங்குக் கல் அதில் பதிக்கப்பட்டது. இரண்டு உறுப்பினர்களில் யாருடைய பெயர் முதலில் வருவது என்பதற்குத் தனியாக ஒரு கூட்டம் நடந்தது. ஒரே வரியில் இரண்டு பெயர்களையும் பக்கம் பக்கமாக வெட்டுவதென்று அதுவும் இடியப்பத்துக்குப் பிறகு தீர்ந்தது. பித்தளைக் குழாய்க்கு மாலை போட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பாற்சோறு பரிமாறினார்கள். ராத்தா இரண்டு மகள்களோடும் ஓர் அலுமினியக் குடத்தோடும் முன்வரிசையில் நின்றார்.

தலைவர் குழாயைத் திருகினார். அது நீண்ட மூச்சொன்றை விட்டது.

எல்லோரும் காத்திருந்தோம். இன்னொரு மூச்சு வந்தது. அப்போதிக்கரி ஐயா குனிந்து, நாடி பார்ப்பவர்போல் குழாயில் இரண்டு விரலை வைத்தார். "காத்து வருது. அப்ப பாதை அடைபடேல்லை" என்றார். தலைவர் சிங்களத்தில், புதுக் குழாய்தானே, தண்ணீருக்கு வழி பழக வேண்டும் என்றார். இதையெல்லாம் எதிர்பார்த்திருந்த ஓவசியர், விழாப் பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தார். தலைவர் குழாயடியில் வாளியைப் பிடித்தபடி நிற்கும் படமொன்று எடுக்கப்பட்டது. படத்தில் தண்ணீர் நன்றாகத் தெரிகிறது.

ராத்தா வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். "பைப்பு வந்துட்டு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு மழை நின்றது. கிணறு வற்றியது. குடங்கள் மறுபடி ஏறத் தொடங்கின. ராத்தாவின் மூத்த மகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். பிறகு பள்ளிக்கூடம் போகாமலே ஏறி இறங்கினாள். அவர்கள் ஏறிய தெருவுக்குக் கீழே, புதைத்த குழாயில் வளைவைத் தாண்டியும் தண்ணீர் நிறைந்து நின்றது. உச்சிக்குச் சற்றுக் கீழே, நான் படத்தில் குறித்த மட்டத்தில், அது அசையாமல் இருந்தது. நான் அந்தத் தெருவால் போகும்போதெல்லாம் அதன் மேலேயே நடப்பது எனக்குத் தெரியும். தலைவரிடம் இரண்டு தடவை சொன்னேன். நிறைவேறிய தீர்மானமொன்றை அந்த ஆண்டுக்குள் திரும்ப எடுக்கச் சபை விதி இடம் கொடுக்காது என்று இரண்டு தடவையும் வருத்தத்தோடு சொன்னார்.

வரட்சி முற்றியபோது நடந்த ஒரு கூட்டத்தில் வானொலி விவாதம் சூடாகி, தலைவர் வழக்கம்போல மணியடித்தார். பியோன் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் பேக்கரியில் வாங்கிய பாணும் மாஜரினும் இருந்தன.

சபை அந்தத் தட்டைப் பார்த்தது. கட்டாக்காலி மாடுகள் பற்றிய முறைப்பாடுகளைக்கூட அவர்கள் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"என்ன இது?" என்றார் முதலாளி.

"இன்னைக்கு இடியப்பம் வரலீங்க" என்றார் பியோன். "ராத்தா வீட்டுல தண்ணி இல்லையாம். வர்ற கிழமையிலேருந்து கீழ் ரோட்டு வீட்டுக்கு ஓடர் குடுக்கப் போறாராம் கடைக்காரரு."

"கீழ் ரோட்டு இடியப்பமா?" அப்போதிக்கரி ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "உது கப்பல் கட்டிற கயிறெல்லோ."

வெளியே வானொலி பாடிக்கொண்டிருந்தது. எந்த மொழியென்று அன்று யாரும் கேட்கவில்லை. தலைவர் பாண் துண்டைப் பிட்டார், தின்னவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, அந்தக் குழாயில் என்ன பழுது என்று கேட்டார்.

"குழாயில் பழுதில்லை ஐயா. அது இருக்கிற இடம் உயரம்."

"ஏறக்குறைய சமம்" என்று திருத்தினார் முதலாளி, பழக்கத்தில்.

தலைவர் கையமர்த்தினார். தண்ணீர் வராத குழாய் பழுதான குழாய்தானே என்றார். பழுது பார்ப்பதற்குத் தீர்மானம் தேவையில்லை, பிரேரணை தேவையில்லை, ஓவசியரிடம் சொன்னால் போதும். பழுது பார்க்க என்ன செய்ய வேண்டும்?

"கழற்றி, வளைவில் பூட்ட வேணும். அங்கே குழாய் ஏற்கெனவே போகுது. அரைநாள் வேலை."

வளைவு அப்போதிக்கரி ஐயாவின் வட்டாரம். எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். முதலாளி பாணைப் பார்த்தார்.

"எங்கட ஆக்கள் உச்சி ஏறி எறங்கணும்."

"ஓம்" என்றேன். "ஆனால் வந்தால் தண்ணி இருக்கும்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பாணைப் பார்த்தார். "எங்கட பேர் வெட்டின கல்லு?"

"கல்லில் பழுதில்லை."

"அப்ப கல்லு இருந்த எடத்துலயே இரிக்கட்டும்."

"கல்லிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்றார் அப்போதிக்கரி ஐயா. "வழிமொழியிறன்." வழிமொழிய எதுவும் இல்லை என்று தலைவர் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

அடுத்த நாள் காலை ஓவசியர் ஆட்களோடு வந்து வளைவில் குழி வெட்டினார். குழாயைப் பூட்டித் திருகியதும் முதலில் துருப்பிடித்த செந்நீர் சீறியது. அது தெளிந்தபோது ராத்தா கையை நீட்டிப் பார்த்தார்.

"சூடா வருது."

உச்சிப் பக்கம் ஆழமில்லாமல் புதைத்த குழாயில் அத்தனை நாள் வெயிலில் கிடந்த தண்ணீர். நான் அதை விளக்கத் தொடங்கினேன்.

"நல்லதுதானே" என்றார் ராத்தா, குடத்தை வைத்துக்கொண்டே. "அவிக்கிறத்துக்கு அரைவாசி வெறகு மிச்சம்." பிறகு மகளைக் கூப்பிட்டு, மற்றக் குடத்தையும் எடுத்து வரச் சொன்னார். என் பக்கம் பார்த்து, "பைப்பு வந்தா தண்ணி பொறவு வரும் எண்டு சொன்னனா இல்லியா புள்ள?" என்றார். சொன்னார்தான்.

அன்று மாலையே கடைக்காரரின் வாசலுக்குப் போய் அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஓவசியருக்குத் தெரியும், ஆனால் அவர் சொன்ன விதம் ஒவ்வொரு தடவையும் வேறாக இருந்தது. அந்த வாரமே, காலையில் முதல் பஸ் புறப்படுமுன் இடியப்பம் கடையில் இருந்தது. கீழ் ரோட்டுக்கு ஓடர் போகவில்லை.

இன்றைய நிலவரம் இதுதான். குழாய் வளைவில் இருக்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் வருகிறது. பளிங்குக் கல் உச்சியில் இருக்கிறது. ஏறி வருகிறவர்கள் அந்தத் திட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள். ராத்தாவின் மூத்த மகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனாள், ஒரு வகுப்புப் பின்தங்கி. மறுபக்க வட்டாரத்துக்கு ஒரு தனிக் குழாய் வேண்டுமென்று முதலாளி கொண்டுவந்த பிரேரணை ஏகமனதாக நிறைவேறியிருக்கிறது. இடம் இன்னும் முடிவாகவில்லை.